ஒரு வாய்

ஊசிக்கல்பாளையத்தில் சென்னியப்பனுடைய மயிலைப் பசு வாயில்லாத கன்று போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்த வட்டாரத்துக்கே சந்தை நாள். சந்தை நாளில் ஆச்சரியப்பட அந்த ஊர்க்காரர்களுக்கு நேரம் கிடையாது. ஆகவே யாரும் ஆச்சரியப்படவில்லை. மற்ற நாளாக இருந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார்கள்? மழை பெய்தால் நனைகிறதே என்றும், நின்றால் காய்கிறதே என்றும் அலுத்துக்கொள்கிற ஜனம் அது. புதுசாக ஒன்று நடந்தால் இதில் நமக்கு என்ன மிச்சம் என்பதைத் தவிர வேறு கேள்வி அதன் மண்டையில் உதித்ததே இல்லை.

அன்றைக்குச் சென்னியப்பனின் கட்டுத்தரையில் சாணிக்கு நடுவே குப்புறப் படுத்து, பசுவுக்குள் தோள்பட்டை வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவள் டாக்டர் நவநீதம். அந்த ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு அவள் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. கடலூர்ப் பக்கத்துக்காரி. வந்த முதல் நாள் ஒருத்தன் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று, "டாக்டரு எப்பங் வருவாரு?" என்று கேட்டான். "நான்தான்யா டாக்டர், இறக்கு ஆட்டை" என்றாள். "அது செரிங். ஆம்பள டாக்டரு எப்பங் வருவாரு?" என்றான். சாயங்காலம் வரைக்கும் வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டு ஆட்டோடு திரும்பிப் போனான், போகிற வழியில் ஆடு செத்தது, பொம்பள டாக்டர் கண்ணு பட்டே ஆடு போய்ச் சேர்ந்தது என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு.

அன்றைக்குத் திறந்த வாயை நவநீதம் அப்புறம் மூடவே இல்லை. புண்ணில் சாணியை அப்பிக்கொண்டு வந்தவனைத் திட்டினாள், கழிச்சல் கண்ட கன்றுக்குச் சாராயத்தை ஊற்றிவிட்டுக் கொண்டுவந்தவனைத் திட்டினாள், நிறைசினை மாட்டை வண்டியில் பூட்டினவனை நடுரோட்டில் நிறுத்தி வைத்து அவன் பரம்பரையையே திட்டினாள். அந்தச் சீமையில் வெட்டுக்குத்துக்குப் போகிறவன்கூட வாக்கியத்தின் வாலில் ஒரு 'ங்' சேர்த்து மரியாதையாகத்தான் பேசுவான். நவநீதத்தின் நாக்கில் அந்த 'ங்' கடைசிவரை ஒட்டவில்லை. அவளுக்கு 'வாய் டாக்டரு' என்று பேர் வைத்தார்கள். இருந்தாலும் மாடு படுத்துவிட்டால் அவளிடம்தான் ஓடிவந்தார்கள், திட்டு வாங்கிக்கொண்டுதான் மருந்து வாங்கினார்கள், ஏனென்றால் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அந்த மரமண்டைகளுக்கும் ஒரு நம்பிக்கை விழுந்திருந்தது.

அந்த நம்பிக்கை அன்றைக்குப் போனது. எப்படிப் போனது என்றால், கன்று உள்ளே தலையை மடக்கிக்கொண்டு கிடந்தது, அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. கையை உள்ளே விட்டுக் கன்றின் வாயைத் தேடி, வாய்க்குள் விரலைக் கொடுக்க வேண்டும். உயிருள்ள கன்று விரலைச் சப்பும். பிறப்பதற்கு முன்னாலேயே அதற்குப் பசி பிறந்திருக்கும். நவநீதம் எத்தனையோ மாடுகளுக்குள் அப்படி விரல் கொடுத்திருக்கிறாள், இருட்டுக்குள் அந்த ஈர நாக்கு விரலைச் சுற்றிப் பிடிக்கும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு விரல் போன இடத்தில் வாய் இல்லை. மூக்கு இருந்தது, மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வழித்து மெழுகின தரைபோல வழவழவென்று தோல் இருந்தது. திரும்பத் திரும்பத் தடவினாள். சப்பவில்லை என்பது ஒன்றுதான் அவள் புத்தியில் தைத்தது.

"கன்னு செத்துடுச்சுய்யா! தாயையாவது காப்பாத்தலாம், புடிங்க கயித்தை!" என்று படுத்தபடியே கத்தினாள்.

கயிறு போட்டு இழுத்தார்கள். வெளியே வந்து விழுந்த செத்த கன்று ஈரத்தோடு எழுந்து நின்று காதை ஆட்டியது.

கட்டுத்தரையில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டு மிரண்டு இரண்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த மாட்டுத் தரகர் அப்பாவு, தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, "வாயுள்ளவங்க சொன்னது பொய்யிங், வாயில்லாதது நெசமா நிக்குதுங்" என்றார். கன்றுக்கு வாய் இல்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். "அட, ஆமா" என்றார்கள். அவ்வளவுதான். சந்தைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்கள். சென்னியப்பன் சம்சாரம் மட்டும் வழக்கம்போல வெந்நீரும் சோப்புமாக ஓரத்தில் நின்றாள், வழக்கம்போல ஒரு வார்த்தை பேசாமல் நவநீதத்தின் கையில் தண்ணீர் ஊற்றினாள். ஊரில் அவளை வாயில்லாப் பூச்சி என்பார்கள். நவநீதம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மனசு முழுக்க அவமானம்.

தின்னவும் குடிக்கவும் வழியில்லாத கன்று ஒரு நாள் தாங்குமா, இரண்டு நாள் தாங்குமா? இது தாங்கியது. தாங்கியது மட்டுமா, வளர்ந்தது. செவலையாகப் பிறந்தது மற்றக் கன்றுகளைப் போலவே ஆறு மாதத்தில் மயிலையாக வெளுத்தது, திமில் எழும்பியது, கொம்பு விட்டது. எப்படி வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை, தீனிச் செலவு இல்லாமல் ஒன்று வளரும்போது எப்படி என்று கேட்பவன் அந்த ஊரில் பைத்தியக்காரன். சென்னியப்பன் சந்தோஷத்தில் ஒரு சுற்றுப் பெருத்துப் போனான். புண்ணாக்கு வேண்டாம், தவிடு வேண்டாம், கழுநீர் வேண்டாம், சோளத்தட்டுப் போர் அப்படியே முழுசாக நிற்கிறது, மாடு மட்டும் பளபளவென்று வளர்கிறது. "வாயில்லா சீவன், வாயில்லா சீவன்னு அல்லா மாட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சமுங், அதெல்லாம் சும்மாங். இதுதானுங் அசல்" என்று டீக்கடையில் சொன்னான். டீக்கடையே தலையாட்டியது.

நவநீதம் விடவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தாள்; அது மூச்சுக்கு மட்டும் போட்ட பாதை, வயிற்றுக்குப் போகவில்லை. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தாள். ரத்தம் அதை ஏற்றுக்கொண்டது, வயிறு ஏமாறவில்லை. ஒரு நாள் கன்றின் இடது விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே காலிச் சட்டியைக் கரண்டியால் வழிக்கிற சத்தம். வழித்து, வழித்து, மறுபடியும் வழித்துக்கொண்டே இருந்தது.

"யோவ், இதுக்குப் பசிக்குதுய்யா" என்றாள்.

"வாயே இல்லாததுக்குப் பசி ஏனுங்?" என்றான் சென்னியப்பன்.

"வாய்லயா பசிக்கும்? வயித்துலதான்யா பசிக்கும்! இந்தா, கேளு!" என்று ஸ்டெதஸ்கோப்பை அவன் காதில் மாட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகத்தில் பக்தி பரவியது. "உடுக்கை அடிக்குதுங்!" என்றான். பூசாரியைக் கூப்பிட்டு அவர் காதில் மாட்டினார்கள், அவரும் உடுக்கைதான் என்றார், சந்தேகம் வேண்டாம் ஆத்தாளே உள்ளே இறங்கி அடிக்கிறாள் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கிடேரிக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் மாலை போட்டு, 'வாயில்லாத்தா' என்று பேர் சூட்டினார்கள். பசி என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்ன அதே சத்தத்துக்குத்தான் கற்பூரம் காட்டினார்கள். அந்த ஊரின் அறிவை அளக்க இதற்கு மேல் ஒரு படி தேவையில்லை.

"நீங்க பேசாதீங் டாக்டரம்மா. பொறந்தன்னிக்கே செத்துப்போச்சுன்னு சொன்ன ஆளுங் நீங்க" என்றான் சென்னியப்பன். அதற்கப்புறம் இரண்டு வருஷமும் அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது ஒருத்தன் அந்தச் செத்த கன்றை எடுத்து அவள் முன்னால் நிறுத்தினான்.

வாயில்லாத்தாளின் புகழ் பரவின விதத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அப்புறம் வயிற்றெரிச்சலும் வரும். சந்தையில் மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள், பால்பல்லா, ரெண்டு பல்லா, கடைப்பல் முளைத்துவிட்டதா என்று. இதற்குப் பல்லே இல்லை. "வயசே இல்லாத மாடுங் இது, இதுக்குச் சாவும் கெடையாதுங்" என்று அப்பாவு சந்தை சந்தையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உடனே கூட்டம். பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் இரண்டு பஸ் நிறையத் தொழிலாளிகளை அழைத்துவந்து மாட்டுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, "பாத்துக்கங்கப்பா, எதாச்சும் வேணும்னு கேக்குதா? மொகத்துல எத்தன சாந்தம் பாருங்" என்றார். பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இங்கே வந்து கும்பிட்டுவிட்டு, "பொண்ணு இப்பிடி இருக்கோணும் ஆத்தா" என்று வேண்டிக்கொண்டு போனார்கள். புருஷன்மார் பொண்டாட்டிமாரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். செவ்வாய்க்கிழமை பெண்கள் யாரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் ஆண்களுக்குப் பஜ்ஜியும் காப்பியும் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு கூத்து. மாட்டாஸ்பத்திரி வாசலில் காலையிலேயே வரிசை நின்றது, எல்லோர் கையிலும் ஒரு பசு. "சினை ஊசி போடோணுங்" என்றார்கள்.

"போடறேன். என்ன கலப்பு வேணும்?"

"அந்த வாயில்லா ஊசிங்."

நவநீதம் கையுறையைக் கழற்றி வீசி எறிந்தாள். "மாடு வாயில்லாம வேணும், பொண்டாட்டி வாயில்லாம வேணும், வேலைக்காரன் வாயில்லாம வேணும், அப்போ உங்களுக்கு மட்டும் எதுக்குய்யா அந்த வாய்? தெச்சுக்கிட்டு வாங்க, ஊசி நூல் நான் தர்றேன்!" என்றாள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "வாய் டாக்டரு பேசறாங்" என்று சிரித்துக்கொண்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு ஊரையே காறித் துப்பினாலும் அது துடைத்துக்கொண்டு போய்விட்டால் துப்பினவள் என்னதான் செய்வாள்? நவநீதம் அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டுத் திரும்ப மூடினாள்.

இப்படியே போயிருந்தால் அது பாட்டுக்குப் போயிருக்கும். வாயில்லாத்தாளுக்கு இரண்டு வயது ஆனபோது பக்தர்கள் சேர்ந்து வெள்ளியில் முகக் கவசம் செய்யக் கொடுத்தார்கள். கவசத்தில் மூக்குக்கு ஓட்டை உண்டு, கண்ணுக்கு ஓட்டை உண்டு, கீழே அழகான சிரித்த வாய் ஒன்று, உதட்டுக்குச் சிவப்புக் கல். சாத்திச் சாத்தி எடுக்கிற கவசம் இல்லை. கொம்பிலேயே ஆணி அடித்து நிரந்தரமாக முடுக்கிவிடுவது என்று ஆசாரி சொல்லியிருந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முகூர்த்தம். வெள்ளியைப் பூட்டிவிட்டால் அப்புறம் அந்தத் தோலைத் தொட யார் விடுவார்கள்? இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது அந்த இடத்தில் கத்தி வைக்க ஒரு வழி பிறக்கும் என்று நவநீதம் மனசுக்குள் ஒளித்து வைத்திருந்த ஆசைக்கு அன்றைக்கு ஆணி அடிக்கப்போகிறார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சென்னியப்பன் சம்சாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் ஆடில்லை, கோழியில்லை.

"என்னம்மா? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?" என்று எரிந்து விழுந்தாள் நவநீதம்.

அவள் கம்பியைவிட்டுக் கையை எடுத்தாள். அப்புறம், "அது என்ர சோத்தயே பாக்குதுங்" என்றாள்.

"எது?"

"வாயில்லாத்தாதானுங். நா திங்கறப்பப் பாத்துட்டே நிக்குமுங். வட்டல்ல இருந்து கை வாய்க்குப் போற வரைக்கும் அதும் பார்வை கூடவே வருமுங். அப்பறம் எங்கீங் முழுங்கறது? ரண்டு வருசமா அதுங் கண்ணுல படாம ஊட்டுக்குப் பொறகால பொடக்காளியில போய் நின்னுட்டு ரண்டு வாய் போட்டுக்கறனுங். நாளைக்கு அதுக்கு வெள்ளியில வாய் வெக்கறாங்களாமா. வெள்ளி வாய்ல எப்பிடிங் திங்கும்? நீங்க அதுக்கு ஒரு வாய் வெட்டிக் குடுங் டாக்டரம்மா."

இருபத்திரண்டு வருஷத்தில் நவநீதம் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல். எத்தனை பிரசவம், எத்தனை சொம்பு வெந்நீர், அத்தனையும் இந்தக் கை ஊற்றியது, ஒரு நாள்கூட இவளிடம் நீ சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, பேர்கூடக் கேட்டதில்லை. ஊரையெல்லாம் திட்டத் தெரிந்த தன் வாய்க்கு இது கேட்கத் தெரியாமல் போயிற்றே என்று நவநீதத்துக்குச் சுருக்கென்றது.

"உன் பேரு என்னம்மா?"

"நாச்சாத்தாளுங்."

"இங்க பாரு நாச்சாத்தா. வெட்டினா உள்ளே வாய் இருக்குமா இருக்காதான்னு எனக்கே தெரியாது. மாடு செத்தாலும் செத்துடும்."

"செத்தாப் பசிக்காதுங்" என்றாள் நாச்சாத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். சந்தையிலிருந்து கவசத்தை மேளதாளத்தோடு எடுத்துவர ஆண்கள் அத்தனை பேரும் போயிருந்தார்கள், பெண்கள் விரதத்தில் வீட்டுக்குள் சுருண்டு கிடந்தார்கள். நாச்சாத்தாள் கட்டுத்தரைப் படலைத் திறந்துவிட்டாள். பந்தலும் தோரணமும் கட்டி, சென்னியப்பன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற படம் போட்ட துணிப் பேனரும் கட்டி, நடுவில் வாயில்லாத்தாள் நின்றது. நவநீதம் மரப்பு ஊசி போட்டாள். புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தை எடுத்து, மூக்குக்குக் கீழே தாடை ஓரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கோடு இழுத்தாள். காலைக் கட்டிப்போட வேண்டியிருக்கவில்லை; மாடு தானாகவே தலையைத் தாழ்த்தி நாச்சாத்தாளின் வயிற்றில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டது.

கோட்டின் மேலேயே கத்தி போயிற்று. தோல் விலகியதும் உள்ளே வாய் இருந்தது. சிவப்பாக, முழுசாக, நாக்கும் பல்லுமாக, இத்தனை நாளும் கதவடைத்த வீட்டுக்குள் இருந்ததுபோல இருந்தது. ஆனால் அந்தப் பல்லைப் பார்த்ததும் நவநீதத்தின் கை நின்றுவிட்டது. இரண்டு வயதுக் கிடேரிக்குக் கிழட்டு மாட்டின் பல். கீழ்வரிசை முழுக்கத் தேய்ந்து ஈறோடு ஈறாகக் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லாமல், இருட்டில், பசியை மட்டும் மென்று மென்று தேய்ந்த பல் அது.

பிறகு அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, விரலை அந்த வாய்க்குள் கொடுத்தாள்.

மாடு சப்பியது.

நவநீதம் அழுதாள். "சப்புதுடி நாச்சாத்தா, சப்புது! அன்னிக்கும் சப்பத்தான் பாத்திருக்கு, எனக்குத்தான் தெரியலை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நாச்சாத்தாள் உள்ளே ஓடி வட்டல் நிறையக் கம்மஞ்சோறும் மோருமாகப் பிசைந்து எடுத்து வந்து, ஒரு கவளம் உருட்டிக் கொடுத்தாள். அந்த ஒரு வாய் உள்ளே போகிறதை இருவரும் கழுத்து வரைக்கும் கண்ணால் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அடுத்த கவளத்துக்கு மாடு காத்திருக்கவில்லை, தன் கழுத்து மாலையைத் தின்றது, தோரணத்தை இழுத்துத் தின்றது, பந்தல் காலில் கட்டியிருந்த கரும்பைத் தின்றது, சென்னியப்பனின் பேனரை மீசையிலிருந்து ஆரம்பித்தது.

மேளம் அப்போதுதான் தெருமுனை திரும்பியது. தாம்பாளத்தில் வெள்ளி வாய் சிரித்துக்கொண்டு முன்னால் வர, ஊரே பின்னால் வந்து கட்டுத்தரையில் நின்றது. மாட்டின் வாயிலிருந்து சென்னியப்பனின் கும்பிட்ட கை தொங்கிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ! ஆத்தாளக் கெடுத்துப்போட்டாளே!" என்று பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவு மட்டும் அலறவில்லை. தொழில்காரர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டிடம் போய், புது உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார். இரண்டு வருஷமாகத் தரையில் விழுந்து அவர் கும்பிட்ட மாடு அது. "பல்லு பூராந் தேஞ்சுபோச்சுங். கெழடுங். அடிமாட்டுக்குத்தானுங் ஆவும். லாரி இன்னுஞ் சந்தையிலதான் நிக்குது" என்றார்.

ஊர் "அட, ஆமா" என்றது. அதே "அட, ஆமா".

"யோவ், அது பசியில கடிச்சுக் கடிச்சுத் தேஞ்ச பல்லுய்யா! ரெண்டு வயசு மாடுய்யா அது! உங்க கண்ணு முன்னாடி பொறந்ததுதானே!" என்று கத்தினாள் நவநீதம். "பொறந்தன்னிக்கே செத்துப்போச்சுன்னு சொன்னவங்கதானுங்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். நவநீதம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையைக் கூப்பினாள். "வித்துடாதீங்க. தயவுபண்ணி வித்துடாதீங்க. இப்பத்தான்யா ஒரு வாய் தின்னிருக்கு" என்றாள். சென்னியப்பன் அவளைத் திரும்பியும் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்து அப்பாவு கையில் கொடுத்தான்.

அந்தக் கயிற்றை நாச்சாத்தாள் வந்து பிடித்தாள். மறுகையில் சோற்று வட்டல். புருஷனைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "எனக்குப் பசிக்குதுங்" என்றாள்.

"என்னடி?"

"பசிக்குதுங். இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து பசிக்குதுங்."

சொல்லிவிட்டு அத்தனை ஆண்களுக்கும் நடுவில் சாணித்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை, விரத நாள், புருஷன் இன்னும் சாப்பிடவில்லை. மாட்டுக்கு ஒரு வாய் ஊட்டினாள், தனக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டாள், மறுபடி மாட்டுக்கு, மறுபடி தனக்கு. மெல்லுகிற சத்தம் மேளக்காரருக்கே கேட்டது. அவளை இழுத்து எழுப்ப வேண்டுமானால், என் வீட்டில் என் பொண்டாட்டி பட்டினி என்பது பொய் என்று சென்னியப்பன் அங்கேயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவள் தின்ற வேகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவனாலும் முடியவில்லை. எல்லோரும் வாயடைத்துப் போனார்கள் என்று இந்த இடத்தில் சொல்வது வழக்கம். இந்தக் கதையில் அதை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, அந்தக் கொடுப்பினை அந்த ஊருக்கு வாய்க்கவில்லை. எல்லார் வாயும் இருந்த இடத்திலேயே இருந்தது, கொஞ்ச நேரம் சும்மா திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"போச்சாது போ, கெழட்டு மாடுதான, நீயே வெச்சுக்க" என்றான் கடைசியில் சென்னியப்பன், பெரிய மனுஷன் மாதிரி.

வெள்ளி வீணாகப் போகக் கூடாதில்லையா? மாடு கட்டியிருந்த கல்லுக்கே கவசத்தைச் சாத்தினார்கள். கல்லுக்கு வாயும் கிடையாது வயிறும் கிடையாது, ஊருக்குப் பரம திருப்தி. பஸ் வைத்துக் கூட்டிவருகிற முதலாளிகள் இப்போதும் வருகிறார்கள். ஸ்டெதஸ்கோப் வைத்தால் கல்லுக்குள் உடுக்கைச் சத்தம் கேட்கிறது என்று பூசாரி சொல்கிறார், கேட்டவர்களும் ஆமாம் என்கிறார்கள்.

நாச்சாத்தாள் அன்றைக்கு வட்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள், மாடு அவள் பின்னால் கிளுவை வேலியைக் கடித்துக்கொண்டே நடந்தது, மாட்டுக்குப் பின்னால் நவநீதம் நடந்தாள். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லாமலே மாட்டாஸ்பத்திரியை ஒட்டின தரிசுக் காட்டுக்குத்தான் போனார்கள். அங்கே கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்குக் கேட்பாரில்லாமல் கிடந்தது. மாடு அதற்குள் தலையை விட்டதும் பெண்கள் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நவநீதத்துக்கு இன்னும் அடங்கவில்லை. கையில் காய்ந்த ரத்தத்தோடு, சென்னியப்பனில் ஆரம்பித்து அப்பாவு, பூசாரி, முதலாளி என்று ஒவ்வொருத்தனாக எடுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நாச்சாத்தாள் கேட்டுக்கொண்டே வட்டலை வழித்து, மிச்சமிருந்ததை ஒரு கவளமாக உருட்டினாள்.

"டாக்டரம்மா, ஒரு வாய் வாங்கிக்குங்" என்றாள்.

வாய் டாக்டர் பேச்சை நிறுத்தி, வாயைத் திறந்தாள்.